வர்த் குடும்பத்துக் குதிரை வித்தை ரத்தத்தில் வந்ததா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மெல்போர்னில் இன்று ஆர்ட்ஸ் சென்டர் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் வர்த் குடும்பத்தின் சர்க்கஸ் நடந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஓடும் குதிரைமேல் நின்று கரணம் அடித்தவர்கள் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது ரத்தத்தில் வருவதா, வெறும் விளம்பரமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், ஏழு வயது மகள் குதிரை ஏற ஆசைப்படுகிறாள், எங்கள் வீட்டில் யாருக்கும் குதிரைப் பழக்கமே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் வர்த் குடும்பத்தின் கதையைச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

நான் வரலாற்று ஆய்வாளர் அல்ல. குதிரையேற்றமும், வால்டிங் என்கிற குதிரைமேல் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பழைய சர்க்கஸ் குடும்பங்களைப் பற்றிப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படிப்பது அந்தத் தொழிலோடு வந்த ஆர்வம். எனவே குதிரை முதுகில் என்ன நடக்கிறது என்பதை அனுபவத்தில் சொல்வேன். குடும்ப வரலாற்றைப் படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கப்போகும் விஷயம்: வர்த் குடும்பம் பரம்பரைக் குதிரைக் குடும்பமே அல்ல. மூத்தவர் யோஹானஸ் வர்த், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த இசைக்கலைஞர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், அதாவது மெல்போர்ன் இருக்கும் பகுதியில், தங்கம் கிடைத்து உலகமே அங்கே ஓடிய காலம் அது. ஊர் ஊராகப் போய் வாத்தியம் வாசித்துப் பிழைத்த குடும்பம். 1870களில் அவருடைய மகன்கள் ஆஷ்டன் சர்க்கஸில் சேர்ந்தது பேண்ட் வாசிக்கத்தான். அங்கே இரவும் பகலும் வித்தைக்காரர்களோடும் குதிரைகளோடும் புழங்கித் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். 1880 வாக்கில் சகோதரர்கள் சொந்தமாக சர்க்கஸ் ஆரம்பித்தார்கள். இந்த வருடத்தை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், ஓரிரு வருடம் முன்பின் இருக்கலாம். 1893ல் ஆஸ்திரேலியாவில் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்த நேரத்தில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கிருந்து தென்னமெரிக்கா, இங்கிலாந்து, ஆசியா என்று சுற்றிவிட்டு 1900ல்தான் ஊர் திரும்பினார்கள். அதற்கப்புறம் பிலிப், ஜார்ஜ் என்ற இரண்டு சகோதரர்கள் கையில் அது நாட்டின் மிகப் பெரிய சர்க்கஸாக வளர்ந்தது. மெல்போர்னில் யாரா ஆற்றங்கரையில், பிரின்ஸஸ் பாலத்தை ஒட்டி நிரந்தர இடம் கிடைத்தது. நீங்கள் கேள்விப்பட்ட இடம் அதுதான். சிட்னியில் இன்று கேபிடல் தியேட்டர் இருக்கும் இடத்திலும் 1916ல் இவர்களுக்காக ஹிப்போட்ரோம் என்ற சர்க்கஸ் அரங்கம் திறக்கப்பட்டது. பிலிப் 1937லும் ஜார்ஜ் 1941லும் காலமானார்கள். அடுத்த தலைமுறை 1963 வரை நடத்தி மூடிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாத்தா இசைக்காரர். பிள்ளைகள் வேறொருவர் கொட்டகையில் தொழில் கற்றவர்கள். பேரப்பிள்ளைகளோடு கதை முடிகிறது. குதிரைத் தொழில் என்று பார்த்தால் முழுசாக இரண்டு தலைமுறைதான். இவர்களுக்குத் தொழில் சொல்லித்தந்த ஆஷ்டன் குடும்பம்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி இன்றுவரை சர்க்கஸில் இருக்கிறது. பரம்பரை என்ற பேச்சு அவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

சரி, அப்படியானால் வர்த் என்ற பெயரை உலகம் ஏன் நினைவு வைத்திருக்கிறது? மே வர்த் என்ற ஒரு பெண்ணால்தான். 1894ல் குவீன்ஸ்லாந்தின் பண்டபெர்க்கில் பிறந்தவர். பிறக்கும்போது வர்த் கிடையாது, ஸிங்கா. அப்பா மொரீஷியஸிலிருந்து வந்த சர்க்கஸ் கலைஞர். பெற்றோர் பிரிந்துவிட, மே ஏழு வயதில் வர்த் சகோதரர்களின் தங்கை மரிஸ்லெஸிடம் தத்துப் போனார். ஆமாம், உங்கள் மகளின் வயதில். மரிஸ்லெஸ் அண்ணன்மார் சர்க்கஸில் குதிரைமேல் வித்தை செய்தவர். அவர்தான் இந்தச் சிறுமிக்கு அம்மாவும் ஆசிரியரும் ஆனார். பிற்பாடு அமெரிக்காவுக்குக் கூடவே போனவரும் அவர்தான். 1912ல் மே, நியூயார்க்கில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸின் நடு வளையத்தில் இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டுகூட ஆகவில்லை. மூன்று வளையங்களில் ஒரே நேரத்தில் வித்தை நடக்கும் அந்தச் சர்க்கஸில் நடு வளையம் என்பது உச்சாணிக் கொம்பு.

தலையில் பெரிய ரிப்பன் முடிச்சோடு சின்னப் பெண்போல் வந்து நிற்பார். அப்புறம் செய்ததெல்லாம் அந்தக் காலத்தில் ஆண்களே செய்யத் தயங்கியவை. சேணம் இல்லாத முதுகில் முன்பக்கக் கரணம், பின்பக்கக் கரணம். முன்னால் ஓடும் குதிரையிலிருந்து பின்னால் வரும் குதிரைக்குக் கரணம் அடித்துப் போய் நிற்பது. தரையிலிருந்து ஓடிவந்து எம்பி, ஓடும் குதிரையின் முதுகில் நேராக நின்றுவிடுவது. இதைப் பாதங்களில் கூடைகளை மாட்டிக்கொண்டும் செய்து காட்டினார். கடைசியில் சொன்னது என்னை மிகவும் யோசிக்க வைக்கும். எம்புவதற்குப் பாதத்தின் முன்பகுதிதான் உயிர், கூடை அதையே எடுத்துவிடுகிறது.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சர்க்கஸ் வளையத்தின் குறுக்களவு 42 அடி, ஏறக்குறைய 13 மீட்டர். லண்டனில் 1768ல் குதிரைக் காட்சிகளைத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லியின் காலத்தில் நிலைத்த அளவு இது. சர்க்கஸ் என்ற கலையே குதிரைக்காரர்கள் உண்டாக்கியது, கோமாளியும் பார் விளையாட்டும் அப்புறம் வந்து சேர்ந்தவை. அந்த அளவு வட்டத்தில் குதிரை கேன்டரில் ஓடும்போது உள்பக்கம் சாயும், மேலே நிற்பவரும் அதே சாய்வில் நிற்க வேண்டும். கேன்டர் என்றால் முழுப் பாய்ச்சலைவிடக் கொஞ்சம் நிதானமான ஓட்டம்: குளம்பு மூன்று தட்டு, அப்புறம் நாலு காலும் தரையை விட்டு எழும் ஒரு கணம். முதுகு மேலே தூக்கும் அந்த வேளையைப் பிடித்துத்தான் எம்ப வேண்டும். இங்கே புதிதாக வருபவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. காற்றில் இருக்கும்போது மனிதர் நேர்க்கோட்டில் போகிறார், குதிரையோ வளைந்து போகிறது. அரை நொடி காற்றில் இருந்தால்கூட, இந்த அளவு வட்டத்தில் குதிரையின் முதுகு சுமார் அரை மீட்டர் உள்பக்கம் விலகியிருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டு, உள்பக்கமாகத் தள்ளி எம்ப வேண்டும். முன்பக்கக் கரணத்தில் கால் இறங்கும் இடம் கடைசிவரை கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கக் கரணத்தில் இறங்குவதற்கு முன்னால் முதுகு கண்ணில் பட்டுவிடும். மே செய்த முன்பக்கக் கரணத்தை வித்தைக்காரர்களே ஏன் உயர்த்திப் பேசினார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

குதிரை பங்கும் பாதிக்குப் பாதி. அழகான, துடிப்பான குதிரை இதற்கு ஆகாது. அகலமான முதுகு, கடிகாரம்போல் மாறாத கேன்டர், மேலே ஆள் குதித்தாலும் காதைக்கூட அசைக்காத குணம், இவைதான் வேண்டும். முதுகில் ரோசின் தூவுவார்கள். வயலின் வில்லில் தேய்ப்பார்களே, அதே பைன் மரப் பிசின்தான். வழுக்காமல் இருக்கும். வெள்ளை அல்லது சாம்பல் குதிரைகளை விரும்பியதற்கு ஒரு காரணம், அந்தத் தூள் படிந்தது வெளியே தெரியாது என்பதுதான். ஒரு கரணத்தின் நடுவில் குதிரை அரை அடி தயங்கினால், இறங்க வேண்டிய இடத்தில் முதுகு இருக்காது. 1913ல் புரூக்ளினில் மே வர்த்தின் கால் ஒரு வார்ப்பட்டையில் மாட்டிக்கொண்டது. ஓடும் குதிரையோடு வளையத்தைச் சுற்றி இழுபட்டு நினைவிழந்தார். தேறி மறுபடி அதே தொழிலுக்கு வந்து, இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆடினார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரத்தமா? மேயைக் காட்டி ‘ரத்தமே இல்லை’ என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் அவருடைய பெற்ற அப்பாவும் சர்க்கஸ்காரர் என்பதால் அந்த வாதம் முழுசாக நிற்காது. உடல்வாகு, பயமின்மை, சமநிலை உணர்வு இவற்றில் கொஞ்சம் பிறப்போடு வருவதை என் மாணவர்களிடமே பார்க்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: வர்த் குடும்பத்திலேயே மிகச் சிறந்த குதிரைக் கலைஞரிடம் வர்த் ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. மரிஸ்லெஸிடமிருந்து அவருக்குக் கிடைத்தது வேறொன்று.

அது என்ன என்பதை, இந்தத் தொழிலில் கரணம் எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்த்தால் புரியும். வளையத்தின் நடுவில் ஒரு கம்பம். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு கை, குதிரையோடு சேர்ந்து சுற்றிவரும். அந்தக் கையின் நுனியிலிருந்து ஒரு கயிறு இறங்கிப் பிள்ளையின் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனை பெரியவர் ஒருவர் கையில். பிள்ளை தவறினால் அவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது, தாமதித்தால் அடிபடும். எந்த நொடியில் இந்தப் பிள்ளை பயப்படும், எந்தப் பக்கம் சரியும், இன்று தூங்கியதா இல்லையா என்பதெல்லாம் கயிறு பிடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒருவர் தினமும் காலையில், வருடக்கணக்கில், சம்பளம் எதிர்பார்க்காமல் கயிறு பிடிப்பது அந்தக் காலத்தில் குடும்பத்துக்குள் மட்டும்தான் நடந்திருக்க முடியும். வேறு வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத இன்னொன்றும் இருந்தது: வயதான, எதற்கும் மிரளாத குதிரைகள். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைமேல்தான் குடும்பத்துச் சிறுசுகள் முதலில் நிற்கும். அந்தக் குதிரைக்குத் தாளம் தெரியும், பிள்ளை அதன்மேல் நின்று தாளத்தைத் தன் காலில் வாங்கிக்கொள்ளும். என் வகுப்பிலும் புது மாணவர்களுக்கு நான் தேடுவது அப்படிப்பட்ட குதிரையைத்தான்.

இந்தக் குடும்பங்களின் வரலாற்றை ஆண் வழிப் பெயராலேயே எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. சுவரொட்டியில் ‘வர்த் சகோதரர்கள்’. ஆனால் குதிரை முதுகில் கற்றுத்தந்த கை மரிஸ்லெஸுடையது. 1919ல் மே, பிராங்க் வைட் என்பவரை மணந்தபோது, மனைவியின் வர்த் பெயரைக் கணவர் எடுத்துக்கொண்டார். தத்துப்பிள்ளை வழியாக ஒரு பெயர் அவள் கணவருக்குப் போனதை எந்தக் குலமுறைக் கணக்கில் சேர்ப்பது?

இதையொட்டி, சுவரொட்டியில் ‘குடும்பம்’ என்று இருந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டு சர்க்கஸில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஒப்பந்தம் போட்டு வாங்குவது வழக்கம். சேர்ந்த பிள்ளை எஜமானரின் பெயரில் ஆடும். பார்ப்பவர்களுக்கு ஐந்து அண்ணன் தம்பிகள், நிஜத்தில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள். பெயர் மாற்றிக்கொள்வதும் சாதாரணம். மேயோடு வளையத்தில் கோமாளிச் சவாரி செய்த பில் செயின்ட் லியோன் வந்த குடும்பத்தின் மூதாதை பிறப்பில் ஜோன்ஸ். உலகப் புகழ்பெற்ற கம்பிநடைக் கலைஞர் கான் கொலியானோ ஆஸ்திரேலியப் பழங்குடி வழி வந்தவர், குடும்பப் பெயர் சல்லிவன். ரசிகர்களுக்கு அவரை ஸ்பானியர் என்று அறிமுகப்படுத்தினார்கள். தோலின் நிறத்தை வைத்து ஒதுக்கிய சமூகத்தில் பிழைக்க வேண்டியிருந்தது என்பதுதான் அதற்குக் காரணம். அந்தப் பயிற்சி முறையில் கொடுமையும் நிறைய இருந்தது. ஒப்பந்தத்தில் சிக்கிய பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லும் வழி கிடையாது. பழைய படங்களை ரசிக்கும்போது இதை மறக்க எனக்கு மனம் வருவதில்லை.

எதை நம்பலாம், எதைத் தள்ளிவைக்கலாம்? பிறப்பு, திருமணம், ஒப்பந்தம், அந்தந்த ஊர்ச் செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சி விவரம், இவை பெரும்பாலும் உறுதியானவை. பிலிப்பும் ஜார்ஜும் ஆளுக்கொரு நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கப்பல் பயணம், கூடாரம் கிழிந்தது, ஊர்களின் வாசனை எல்லாம் அதில் உயிரோடு இருக்கும். ஆனால் வசூல் எவ்வளவு, கூட்டம் எவ்வளவு என்பதையெல்லாம் காட்சி நடத்துபவரின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். மேயைப் பற்றி ‘உலகிலேயே இதைச் செய்யும் ஒரே பெண்’ என்று வந்ததும் விளம்பர வாசகம்தான். உலகம் முழுக்கச் சுற்றி யாரும் சரிபார்க்கவில்லை. அவர் அந்த வித்தைகளைத் தினம் தினம் பல்லாயிரம் பேர் முன்னால் செய்தார் என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் நினைத்துக்கொள்கிறேன். வர்த் சகோதரர்கள் தொடங்கிய அதே காலத்தில், 1880ல், பம்பாயில் விஷ்ணுபந்த் சத்ரே இந்தியாவின் முதல் சர்க்கஸை ஆரம்பித்தார். அவரும் குதிரைக்காரர்தான், குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரை பழக்கியவர். ஆனால் இங்கே தொழில் பரவியது தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் நடத்திய பயிற்சிப் பள்ளி வழியாக. வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரு ஆசானிடம் கற்றுக்கொண்டு சர்க்கஸ்களுக்குப் போனார்கள். உடல் வித்தைக்குப் பள்ளி போதும். குதிரை வித்தைக்குத் தொழுவமும் தீனியும் வேண்டும், பத்து வருடம் பழகிய குதிரைகளும் வேண்டும். அதை ஒரு குடும்பமோ ஒரு சமஸ்தானமோதான் தாங்க முடியும். ஆஸ்திரேலியாவிலும் அது நின்றுபோனதற்குச் செலவு ஒரு காரணம், தொலைக்காட்சி ஒரு காரணம். என் கணிப்பில் இன்னொன்றும் உண்டு. 1890களில் அந்தக் கூடாரத்துக்கு வந்தவர்களில் பலர் தாங்களே குதிரை ஏறி வந்தவர்கள். மேலே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். கார் வந்தபின் வளர்ந்தவர்களுக்கு அது அழகாக மட்டும்தான் தெரிந்தது.

இனி உங்கள் மகள். ஏழு வயது தாமதமே இல்லை, வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லாததும் குறையில்லை. குடும்பம் கொடுத்ததை இன்று ஒரு நல்ல வால்டிங் கிளப் கொடுக்கும், விக்டோரியாவில் விசாரித்துப் பாருங்கள். முதல் சில மாதங்கள் தரையிலும், குதிரைக்குப் பதிலாகக் கால்கள் பொருத்தி நிறுத்திய டிரம்மிலும்தான் போகும். குதிரைமேல் ஏற்றினாலும் நடையில்தான் ஆரம்பிப்பார்கள். கேன்டர் ரொம்ப அப்புறம். சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். வட்டத்தின் நடுவில் லாஞ்ச் கயிறு, அதாவது குதிரையைச் சுற்றி ஓடவிடும் நீளக் கயிறு, பிடித்து நிற்பவரை மட்டும் கவனியுங்கள். அவர் கண் குதிரைமேலும் பிள்ளைமேலும் இருக்கிறதா, போன்மேல் இருக்கிறதா? பிள்ளை பயந்தால் குதிரையை நிறுத்துகிறாரா, ‘ஒண்ணும் ஆகாது’ என்று ஓட்டுகிறாரா? குதிரைக்கு எத்தனை வயது, ஒரு நாளில் எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது, வட்டத்தின் இரண்டு பக்கமும் மாற்றி ஓட விடுகிறார்களா என்று கேளுங்கள். ஒரே பக்கம் ஓடும் குதிரைக்குக் கால் கெடும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல் படாமல் பதில் சொல்லும் இடமாக இருந்தால் சேர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுக் குழப்பமாக இருந்தால், பார்த்ததை இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.